கடன் அட்டைக்குக் காவல்



வாங்குபவரும் விற்பவரும் நேருக்கு நேர் நின்று பேசி முடிப்பதே வாணிகம் என்று நெடுங்காலம் இருந்து வந்தது. கடைக்காரரின் முகம் நமக்குத் தெரியும். நம் முகம் அவருக்குத் தெரியும். துணியைத் தொட்டுப் பார்த்தோம். அரிசியை உள்ளங்கையில் அள்ளி முகர்ந்து பார்த்தோம். பணத்தை எண்ணிக் கொடுத்தோம். மீதியை எண்ணி வாங்கினோம். அத்துடன் அவ்வியாபாரம் முடிந்தது. இன்றோ நிலைமை வேறு. இணையத்தின் வழியே பொருள் வாங்கும்போது, கடை எந்த ஊரில் இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. வாங்குபவர் யார் என்பது விற்பவருக்குத் தெரியாது. முகம் அறியாத இவ்விருவருக்கும் நடுவே நின்று நம்பிக்கையைத் தாங்குவது ஒரு சிறிய அட்டையின்மீது பொறித்த சில எண்களே ஆகும். அவ்வெண்களைக் காப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

"பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கின்ற எங்களுக்கு வங்கிக் கடன் அட்டையைப் பற்றிய பேச்சு எதற்கு?" என்று நீங்கள் வினவலாம். உங்கள் வீட்டையே சற்று எண்ணிப் பாருங்கள். அட்டை தந்தையின் பெயரிலோ தாயின் பெயரிலோ இருக்கும். ஆனால் கைப்பேசியைத் திறந்து, பொருளைத் தேடி, விலையை ஒப்பிட்டு, முகவரியை எழுதி, பணம் செலுத்தும் வேலை பெரும்பாலும் உங்களுடையதாகவே இருக்கும். உடைமை ஒருவருக்கு, கையாளுதல் மற்றொருவருக்கு. பெட்டிக்கு உரியவர் பெற்றோர் என்றால், சாவியை ஏந்தி நிற்பவர் நீங்கள். சாவி வைத்திருப்பவர் பூட்டின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும் அல்லவா?

முதலில் கடன் அட்டை என்பது யாது என்று பார்ப்போம். நம் கணக்கில் உள்ள நம் பணத்தை எடுத்துக் கொடுப்பது பற்று அட்டை. இதனை டெபிட் கார்டு என்பர். வங்கி தன் பணத்தை நமக்காகக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, பின்னர்க் குறித்த நாளில் நம்மிடமிருந்து திரும்பப் பெறுவது கடன் அட்டை; இதுவே கிரெடிட் கார்டு. 1950ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் தோன்றிய டைனர்ஸ் கிளப் அட்டை இவ்வகையில் முன்னோடி. 1958ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பேங்க் ஆப் அமெரிக்கா என்னும் வங்கி கலிபோர்னியாவிலுள்ள பிரெஸ்னோ நகர மக்களுக்கு ஏறத்தாழ 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. அவற்றை எவரும் கேட்கவில்லை. வங்கி தானாகவே அனுப்பியது. விளைவு என்ன? வாங்கிய கடனைச் செலுத்தாதோர் ஒருபுறம், அட்டையைக் களவாடிப் பயன்படுத்தியோர் மறுபுறம் என வங்கிக்குப் பெரும் நஷ்டம் நேர்ந்தது. அட்டை பிறந்தபோதே அதற்குரிய திருட்டும் உடன் பிறந்தது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. நம் நாட்டில் 1980ஆம் ஆண்டில் சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா கடன் அட்டையை அறிமுகம் செய்தது.

அட்டையைக் கடையில் நீட்டாமல், அதன் எண்களை மட்டும் கணிப்பொறி வழியே அனுப்பிப் பொருள் வாங்கும் முறை பின்னர் வந்தது. 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு 11 அன்று அமெரிக்காவில் ஒருவர் 12 டாலர் 48 செண்ட் விலையுள்ள ஓர் இசைத்தட்டை இவ்வாறு வாங்கினார். அட்டையின் எண்கள் வழியில் எவரும் படித்துவிடாதபடி சங்கேத எழுத்தாக மாற்றி அனுப்பப்பட்டன. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதனைச் செய்தியாக வெளியிட்டது. அன்று செய்தியாக இருந்தது இன்று நம் வீட்டு வழக்கமாகிவிட்டது.

இனி அட்டையைக் கையில் எடுத்து உற்றுப் பார்ப்போம். பெரும்பாலான அட்டைகளில் 16 இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று இருக்கும். தொடக்கத்தில் உள்ள இலக்கங்கள் எந்த நிறுவனம் அட்டையை வழங்கியது என்பதைக் காட்டும். இடையில் உள்ளவை உரியவரின் கணக்கைக் குறிக்கும். கடைசி இலக்கம் சோதனை இலக்கம். பல்லாண்டுகள் கணக்குப் பாடம் கற்பித்தவனாகையால், இச்சோதனை இலக்கத்தின் நயத்தை உங்களுக்குச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1954ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை கோரி, 1960ஆம் ஆண்டில் அதனைப் பெற்றார். முறை எளிது. வலக்கோடியில் தொடங்கி இடப்புறம் செல்க. முதல் இலக்கத்தை அப்படியே வைத்துக்கொள்க, அடுத்ததை இரட்டிக்க, அதற்கடுத்ததை அப்படியே விடுக, மீண்டும் அடுத்ததை இரட்டிக்க. இரட்டித்த எண் 9க்கு மேற்பட்டால் அதன் இரு இலக்கங்களையும் கூட்டிக்கொள்க. முடிவில் எல்லாவற்றையும் கூட்டினால், வரும் தொகை 10ஆல் மீதியின்றி வகுபடல் வேண்டும். 47316 என்னும் சிறிய எண்ணை எடுத்துக்கொள்வோம். 6 அப்படியே, 1ஐ இரட்டித்தால் 2, 3 அப்படியே, 7ஐ இரட்டித்தால் 14, அதாவது 1ம் 4ம் கூடி 5, 4 அப்படியே. மொத்தம் 20. மீதியின்றி வகுபடுகிறது, எண் சரி. அவசரத்தில் ஒருவர் 3ஐயும் 1ஐயும் இடம் மாற்றி 47136 என்று எழுதிவிட்டால் தொகை 22 ஆகும். வகுபடாது, பிழை உடனே வெளிப்பட்டுவிடும்.

ஆனால் மாணவர்களே, இச்சோதனை கைப்பிழையைக் கண்டுபிடிக்க ஏற்பட்டதே அன்றித் திருடனைக் கண்டுபிடிக்க ஏற்பட்டதன்று. நேர்மையாளர் அறிந்த கணக்கைத் திருடனும் அறிவான். ஆகவேதான் அட்டையின் பின்புறம் சி.வி.வி. எனப்படும் 3 இலக்கப் பாதுகாப்பு எண்ணும், முகப்பில் அட்டை காலாவதியாகும் மாதமும் ஆண்டும் கேட்கப்படுகின்றன. பணம் செலுத்துதல் முடிந்தபின் இந்த சி.வி.வி. எண்ணைக் கடைக்காரர் தம் ஏட்டில் சேமித்து வைத்தல் கூடாது என்பது அட்டை நிறுவனங்கள் கூடி வகுத்த நெறி. அந்நெறியின் முதற் பதிப்பு 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. கடைக்காரரே வைத்திருக்கக்கூடாத எண்ணை நாம் புகைப்படம் எடுத்து நண்பருக்கு அனுப்பலாமா? குறிப்பேட்டில் எழுதி வைக்கலாமா? கூடவே கூடாது.

இவ்வெண்கள் மட்டுமே போதிய காவல் ஆகுமா? ஆகா. 2016ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைக் கணக்கிட்டே காட்டினர். அட்டை எண் ஒன்று திருடனிடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அட்டையின் ஆயுள் பெரும்பாலும் 60 மாதங்களுக்குள் அடங்கும். ஆதலால் காலாவதி மாதம் 60இல் ஒன்று. சி.வி.வி. எண் 1,000இல் ஒன்று. இரண்டையும் சேர்த்தே ஊகிக்க வேண்டுமாயின் 60ஐ 1,000ஆல் பெருக்கி 60,000 முறை முயல வேண்டும். ஆனால் சில இணையக் கடைகள் காலாவதி மாதத்தை மட்டுமே கேட்டன. வேறு சில சி.வி.வி.யையும் கேட்டன. திருடன் முதல் வகைக் கடைகளில் மாதத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு, இரண்டாம் வகைக் கடைகளில் சி.வி.வி.யைக் கண்டுபிடித்தால், பெருக்கல் கூட்டலாகிவிடுகிறது. 1,060 முயற்சிகள் போதும். அம்முயற்சிகளையும் நூற்றுக்கணக்கான கடைகளில் பரப்பிவிட்டால் எந்த ஒரு கடையும் ஐயம் கொள்ளாது. கணிப்பொறிக்கு இது சில நொடி வேலை. பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் உள்ள வேற்றுமை எத்துணைப் பெரிது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது.

இத்தகைய ஊகத்தைத் தடுப்பதற்காகவே நம் நாட்டில் மற்றொரு பூட்டும் போடப்பட்டிருக்கிறது. பாரத ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 1 முதல், இணையத்தில் அட்டையால் பணம் செலுத்தும்போது அட்டையில் அச்சிடப்படாத மற்றொரு சான்றும் வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. நாம் நன்கறிந்த ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் கடவு எண் அச்சான்றின் ஒரு வடிவம். ஆயினும் உலகின் எல்லா நாடுகளிலும் இவ்விதி இல்லை. வெளிநாட்டுக் கடைகள் பலவற்றில் அட்டையின் எண்களைக் கொண்டே பொருள் வாங்கிவிட முடிந்திருக்கிறது. இதற்கும் ஓர் உபாயம் உண்டு. 2020ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி செய்த ஏற்பாட்டின்படி, நம் அட்டை இணையத்தில் செல்லலாமா, வெளிநாட்டில் செல்லலாமா, ஒரு முறைக்கு எவ்வளவு தொகை வரை செல்லலாம் என்பனவற்றை நாமே வங்கியின் செயலி வழியே திறக்கவும் அடைக்கவும் முடியும். வெளிநாட்டு வழக்கே இல்லாத வீட்டில் அவ்வழியைத் திறந்து வைப்பானேன்? கொல்லைக் கதவைத் தாழிட்டுப் படுப்பது போல அதனை அடைத்து வைத்தலே அறிவுடைமை. ஆண்டுக்குச் சில முறையே பொருள் வாங்குவோர் இணைய வழியையும் அடைத்து வைத்து, வேண்டும்போது திறந்து, வேலை முடிந்ததும் மீண்டும் அடைக்கலாம்.

மூன்றாவது பூட்டு ஒன்றும் உண்டு. முன்னர்க் கடைகள் நம் அட்டை எண்ணைத் தம் கணிப்பொறியில் சேமித்து வைத்திருந்தன. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல், அட்டை வழங்கும் வங்கியும் அட்டை வலையமைப்பும் தவிர வேறெவரும் முழு எண்ணைச் சேமித்தல் கூடாது என ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அதற்கு மாறாக டோக்கன் என்னும் மாற்று எண் தரப்படுகிறது. அந்த மாற்று எண் அந்தக் கடைக்கு மட்டுமே பயன்படும். பிறர் கையில் அகப்பட்டாலும் வேறு கடையில் செல்லாது. கோவிலில் காலணிக்குக் கொடுக்கும் வில்லையை அடுத்த கோவிலில் காட்டினால் காலணி கிடைக்குமா? அதுபோன்றதே இது.

இத்தனை பூட்டுகள் இருந்தும் திருட்டு எவ்வாறு நிகழ்கிறது? மூன்று வழிகளைக் கூறுவேன்.

முதல் வழி, நல்ல கடைக்குள்ளேயே திருடன் ஒளிந்திருப்பது. 2018ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்னும் புகழ்பெற்ற விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் இது நிகழ்ந்தது. ஆகஸ்டு 21 முதல் செப்டம்பர் 5 வரை, பயணச்சீட்டு வாங்கியோர் எழுதிய அட்டை விவரங்கள் அவர்கள் அறியாமலே மற்றோர் இடத்திற்கும் சென்றுகொண்டிருந்தன. தளத்தின் உள்ளே யாரோ நுழைத்துவிட்டிருந்த 22 வரிக் கட்டளைத் தொகுப்பு இவ்வளவையும் செய்தது. ஏறத்தாழ 3,80,000 பணச் செலுத்தல்கள் பாதிக்கப்பட்டன என்று நிறுவனம் முதலில் அறிவித்தது. பாதுகாப்பில் குறை வைத்ததற்காக 2020ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நிறுவனத்துக்கு 2 கோடி பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. வாங்கியவர்கள் செய்த பிழை ஒன்றுமில்லை. ஆதலால் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் திருட்டு நேரக்கூடும் என்பதை அறிந்து, நேர்ந்தவுடன் கண்டுபிடிக்கும் பழக்கத்தை மேற்கொள்ளல் வேண்டும். வங்கியிலிருந்து வரும் ஒவ்வொரு குறுஞ்செய்தியையும் படியுங்கள். மாதக் கணக்கு வந்ததும் பெற்றோருடன் அமர்ந்து வரி வரியாகச் சரிபாருங்கள். 1 ரூபாய், 2 ரூபாய் போன்ற அறியாத சிறு தொகையைச் சிறிதென்று விட்டுவிடாதீர்கள். அட்டை உயிரோடு இருக்கிறதா என்று திருடன் தட்டிப் பார்க்கும் ஓசையாக அது இருக்கலாம்.

இரண்டாம் வழி, கடையே பொய்யாக இருப்பது. பெரிய கடையின் பெயரையும் வண்ணத்தையும் படங்களையும் களவாடி அதே தோற்றத்தில் போலித் தளம் அமைப்பர். 5,000 ரூபாய்ப் பொருளை 500 ரூபாய்க்குத் தருவதாக விளம்பரம் செய்வர். "இன்னும் 10 நிமிடங்களே உள்ளன" என்று கடிகாரம் ஓடவிடுவர். அவசரம் புகும் இடத்தில் ஆராய்ச்சி வெளியேறிவிடும் என்பதை அவர்கள் அறிவர். இங்கே நம்மைக் காப்பது முகவரியைப் படிக்கும் பயிற்சி. தபால் அலுவலகத்தில் கடிதங்களைப் பிரிப்பவர் முகவரியின் கீழ்க்கோடியில் உள்ள அஞ்சல் குறியீட்டு எண்ணைத்தான் முதலில் பார்ப்பார். ஆளின் பெயரைப் பின்னரே பார்ப்பார். இணைய முகவரியையும் அவ்வாறே படிக்க வேண்டும். முகவரியில் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால், வலக்கோடியில் நிற்கும் பெயரே உண்மையான உரிமையாளரின் பெயர். அதற்கு இடப்புறம் எத்துணைப் பெரிய வங்கியின் பெயரும் எழுதப்பட்டிருக்கலாம். அது வாயிலில் மாட்டிய பொய்ப் பலகையே. இந்தியாவில் உள்ள வங்கிகள் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 31க்குள் தம் முகவரிகளை 'பேங்க் டாட் இன்' என்று முடியும் வகையில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது இப்படிப்பு எளிதாக வேண்டும் என்பதற்காகவே.

இவ்விடத்தில் பரவலான தவறு ஒன்றைத் திருத்த விரும்புகிறேன். முகவரிக்கு அருகே பூட்டுச் சின்னம் இருந்தால் அக்கடை நம்பத்தக்கது என்று பலரும் எண்ணுகின்றனர். அச்சின்னத்தின் பொருள் அதுவன்று. நீங்கள் அனுப்பும் செய்தி வழியில் எவராலும் படிக்க இயலாதபடி செல்கிறது என்பதையே அது தெரிவிக்கும். செய்தியைப் பெறுபவர் நல்லவரா என்பதை அது தெரிவிக்காது. அரக்கு முத்திரை வைத்த உறையைத் திருடன் வீட்டு முகவரிக்கு அனுப்பினால், முத்திரை உடையாமலே திருடனிடம் போய்ச் சேரும். இத்தவறான எண்ணம் பரவியிருந்ததனால்தான் கூகுள் நிறுவனம் 2023ஆம் ஆண்டில் தன் குரோம் உலாவியிலிருந்து பூட்டுச் சின்னத்தை எடுத்துவிட்டு வேறொரு சின்னத்தை வைத்தது.

மூன்றாம் வழியே மிகக் கொடியது. பூட்டை உடைக்காமல், பூட்டுக்கு உரியவரையே பேசி இணங்கச் செய்து திறக்க வைப்பது. இதற்கு எங்கள் தெருவில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன்.

ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் எங்கள் தெருவில் வாழ்கிறார். அவர் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவள். தந்தையின் கடன் அட்டையைக் கொண்டு பாடநூல் ஒன்றை இணையத்தில் வாங்கியிருந்தாள். நூல் வர வேண்டிய நாளில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. "உங்கள் முகவரியில் கதவு எண் பிழையாக உள்ளது. பொட்டலம் திரும்பிப் போகாமல் இருக்க 5 ரூபாய் மட்டும் கட்டுங்கள்" என்று ஒருவன் மிகப் பணிவாகச் சொன்னான். வாட்ஸ்அப்பில் ஒரு செயலியையும் அனுப்பினான். அவள் அதனைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, அதிலேயே அட்டை எண்களையும் எழுதினாள். கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படித்துத் திருடனுக்கு அனுப்புவதே அச்செயலியின் வேலை. மாலை 6 மணிக்கு 24,000 ரூபாய் போயிற்று. அவள் செய்தியைக் கண்டாள், நடுங்கினாள், தந்தையிடம் சொல்ல அஞ்சி வாய் திறவாது படுத்துவிட்டாள். விடியற்காலை 5 மணிக்கு மேலும் 14,000 ரூபாய் போயிற்று. அதன் பின்னரே அழுதுகொண்டு சொன்னாள்.

இருவரும் என்னிடம் வந்தனர். அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்த வங்கியின் எண்ணுக்குப் பேசி முதலில் அட்டையை முடக்கச் செய்தோம். பிறகு 1930 என்னும் எண்ணில் புகார் செய்தோம். சில மாதங்களுக்குப் பின் 9,000 ரூபாய் திரும்பக் கிடைத்தது. எஞ்சியதை அந்த ஓய்வூதியக் குடும்பம் தவணை தவணையாகக் கட்டிற்று. அன்று என் வீட்டுத் திண்ணையில் அத்தந்தை சொன்னது இன்னும் என் செவியில் இருக்கிறது. "பணம் போனது போகட்டும், அம்மா. இரவு முழுவதும் நீ தனியாக விழித்துக்கொண்டு அழுதாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை."

மாணவர்களே, அக்கணக்கைக் கூர்ந்து நோக்குங்கள். முதல் 24,000 ரூபாயை எடுத்தவன் திருடன். இரண்டாவது 14,000 ரூபாயை அவன் எடுப்பதற்குத் துணை நின்றது அச்சமும் வெட்கமும் கலந்த ஓர் இரவு. மாலையிலேயே அட்டையை முடக்கியிருந்தால் அத்தொகை போயிராது. தவறு செய்த பிள்ளை அதனை மறைக்க முயல்வது இயல்பு என்பதை ஆசிரியனாகிய நான் அறிவேன். ஆனால் ஏமாற்றப்படுதல் குற்றமன்று. ஏமாற்றுபவன் அதனையே தொழிலாகப் பயின்றவன். நீங்களோ அன்று முதன்முறையாக அவனைச் சந்திப்பவர்கள். ஆகவே வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர். இப்பேச்சைப் பெற்றோரும் படிப்பார்களாயின் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை வந்து சொல்லும் நேரத்தில் கடிந்துகொள்ளாதீர்கள். இன்று கடிந்தால் நாளை சொல்லமாட்டார்கள்.

விரைந்து சொல்லுவதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2017ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இவ்வாறு வகுத்தது. வங்கியின் குறையால் இழப்பு நேர்ந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. வங்கியும் வாடிக்கையாளரும் அல்லாத வேறெங்கோ நேர்ந்த குறையால் பணம் போயிருந்தால், செய்தி கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தவருக்கு இழப்பே இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்புக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதற்கும் பிந்தினால் வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். வாடிக்கையாளரே கடவு எண்ணைப் பிறருக்குச் சொல்லியதனால் நேர்ந்த இழப்பாயின், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியினுடையது. இவ்விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவன. ஆயினும் அவற்றின் உட்கருத்து ஒன்றே. அது காலம் பொன் என்பதைவிடக் காலமே பணம் என்று சொல்லலாம்.

ஆதலால் திருட்டு நேர்ந்தது என்று அறிந்தவுடன் செய்ய வேண்டுவன இவை. முதலில் வங்கியின் செயலி வழியாகவோ அட்டையின் பின்புறமுள்ள எண் வழியாகவோ அட்டையை முடக்குங்கள். வங்கியின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். திருடர்கள் தம் எண்ணையே வங்கியின் எண் என்று அங்கே விளம்பரப்படுத்துகின்றனர். அடுத்து 1930இல் புகார் செய்யுங்கள். 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' என்னும் அரசுத் தளத்திலும் பதியலாம். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனை இடைவழியில் நிறுத்துவதற்கு ஏற்பட்டது இவ்வேற்பாடு. தாமதித்தால் பணம் கையாளாகி மறைந்துவிடும். பின்னர் வங்கிக்கு எழுத்து மூலம் முறையிட்டு, புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். குறுஞ்செய்திகளை அழித்துவிடாமல் படமெடுத்து வையுங்கள். வங்கி 30 நாட்களில் தக்க விடை தராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

நோய் வந்தபின் மருந்து தேடுவதினும் வராமல் காப்பது நன்று. எனவே நாள்தோறும் கைக்கொள்ளத்தக்க சில பழக்கங்களைக் கூறி முடிக்கிறேன். பொதுவிடத்துக் கணிப்பொறியிலும் முன்பின் அறியாத இடத்து வைஃபை இணைப்பிலும் அட்டை எண்ணை எழுதாதீர்கள். கடையின் முகவரியை நீங்களே எழுதித் திறவுங்கள்; செய்தியில் வந்த இணைப்பின் வழியே செல்லாதீர்கள். செயலிகளைக் கைப்பேசியின் உரிய செயலிக் கடையிலிருந்து மட்டும் பெறுங்கள். வாட்ஸ்அப்பில் வருவனவற்றை ஏற்றாதீர்கள். உங்கள் திரையைப் பிறர் காணும்படி செய்யும் செயலிகளை எவர் சொன்னாலும் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு கடைக்கும் வேறு வேறு கடவுச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் செய்தி முழுவதையும் படியுங்கள்; எந்தக் கடைக்கு எவ்வளவு தொகை என்று அதில் எழுதியிருக்கும். 5 ரூபாய் என்று பேசியவன் 24,000 ரூபாய்க்கு எண் கேட்கிறான் என்பது அங்கேயே வெளிப்படும். பணம் கொடுப்பதற்கே கடவு எண் வேண்டும்; திரும்பப் பெறுவதற்கு வேண்டுவதில்லை என்பதை மறவாதீர்கள். வங்கி அலுவலர் எவரும் அவ்வெண்ணைக் கேட்பதில்லை. கேட்பவர் வங்கி அலுவலர் அல்லர். முகம் அறியாத கடையில் முதன்முறை வாங்கும்போது, பொருளைப் பெற்றபின் பணம் கொடுக்கும் முறை இருக்குமாயின் அதனையே தேர்ந்தெடுங்கள்.

இவற்றுள் கற்பதற்கு அரியது ஒன்றுமில்லை. எழுத்தைப் படிக்கும் பொறுமையும், எண்ணைக் கணக்கிடும் தெளிவும், தெரியாததைக் கேட்கும் துணிவும் போதும். இம்மூன்றையும் பள்ளி உங்களுக்கு முன்னரே கற்பித்திருக்கிறது. இன்று மாலை வீட்டில் பெற்றோருடன் அமர்ந்து, அட்டையின் எந்தெந்த வழிகள் திறந்திருக்கின்றன என்று வங்கியின் செயலியில் பாருங்கள். வேண்டாதவற்றை அடையுங்கள். வங்கியின் எண்ணையும் 1930ஐயும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். அரை மணி நேரத்து வேலைதான் இது. உழைத்து ஈட்டிய பெற்றோரின் பொருளைக் காப்பதும் பிள்ளைகள் செய்யத்தக்க தொண்டுகளுள் ஒன்று.